எழுதாமல் விட்ட 0ய²

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒன்பதாம் வகுப்பில் பல்லுறுப்புக்கோவைகளின் நீள் வகுத்தலை இரண்டு மூன்று கணக்குகளோடு முடித்துவிட்டு, மாறியை எழுதாமல் எண்களை மட்டும் வைத்துச் சுருக்கமாகச் செய்யும் தொகுமுறை வகுத்தலுக்குப் போய்விடும் பழக்கம் பல வகுப்பறைகளில் இருக்கிறது. விடை சீக்கிரம் வருகிறது என்பதுதான் காரணம். ஆனால் பத்தாம் வகுப்பில் மீ.பொ.வ. (மீப்பெரு பொது வகுத்தி), வர்க்கமூலம் இரண்டையும் நீள் வகுத்தலில் செய்யச் சொல்கிறோம். அங்கே பிள்ளைகள் திணறுவதற்கான வித்து ஒன்பதாம் வகுப்பிலேயே விழுந்துவிடுகிறது.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். அச்சு வசதிக்காக மாறியை ‘ய’ என்று எழுதுகிறோம். 2ய³ − 7ய + 9 என்ற கோவையை ய − 2 ஆல் வகுக்க வேண்டும். ய² உறுப்பு இல்லை. அதனால் முதலில் 2ய³ + 0ய² − 7ய + 9 என்று எழுத வேண்டும். ஈவின் முதல் உறுப்பு 2ய². அதை ய − 2 ஆல் பெருக்கினால் 2ய³ − 4ய², கழித்தால் 4ய². −7ய-ஐ இறக்கி, ஈவில் +4ய போட்டு, 4ய² − 8ய-ஐக் கழித்தால் ய. 9-ஐ இறக்கினால் ய + 9. ஈவில் +1 போட, மீதி 11. ஈவு 2ய² + 4ய + 1.

0ய² எழுதாதவர் −4ய²-ஐ −7ய-க்கு நேர் கீழே வைத்துக் கழித்து, −3ய என்கிறார். ஈவு 2ய² − 3, மீதி 3 என்று கணக்கு அழகாக முடிந்துவிடுகிறது. சரிபார்க்க நாம் வழக்கமாகச் சொல்லும் ய = 1-ஐப் பிரதியிட்டால் கோவையின் மதிப்பு 4; தவறான விடையிலும் (−1)(−1) + 3 = 4. ய = 0 போட்டாலும் இரு பக்கமும் 9! 1-இன் எல்லா அடுக்கும் 1, 0-இன் எல்லா அடுக்கும் 0. ஆகவே ய² இருக்க வேண்டிய இடத்தில் ய வந்தாலும் இந்த இரண்டு எண்களும் காட்டிக்கொடுப்பதில்லை. ய = −1 போட்டால் கோவை 14, தவறான விடை 6. பிழை உடனே தெரிகிறது. மீதித் தேற்றப்படி (ய − 2 ஆல் வகுத்தால் வரும் மீதி, ய = 2 எனும்போது கோவையின் மதிப்பே) ய = 2 போட்டாலும் 16 − 14 + 9 = 11 என்று மீதி சரியாகக் கிடைக்கும். ஆனால் அங்கே வகுக்கும் கோவை பூச்சியமாகிவிடுவதால் ஈவைப் பற்றி அது எதுவும் சொல்லாது. இரண்டு சோதனையும் தேவை.

குறிப்பிழையும் இதற்குச் சளைத்ததல்ல. −7ய-இலிருந்து −8ய-ஐக் கழிக்கும்போது −15ய என்று எழுதுகிறார்கள். முதல் உறுப்பு எப்படியும் அடிபடும் என்று தெரிவதால், இரண்டாவது உறுப்பின் குறியை மாற்ற மறக்கிறார்கள். கழிக்கும் வரியிலுள்ள எல்லா உறுப்புகளின் குறிகளையும் பென்சிலால் கீழே மாற்றி எழுதிக் கூட்டும் பழக்கம் வரும்வரை மனக்கணக்கை அனுமதிக்க வேண்டாம். தொடக்கத்தில் கட்டம் போட்ட நோட்டு மிகவும் உதவும்: ய-இன் ஒரு படிக்கு (அடுக்குக்கு) ஒரு பத்தி.

தொகுமுறை வகுத்தல் நல்ல கருவிதான். ஆனால் 4ய³ − 2ய² + 6ய + 7-ஐ 2ய + 1 ஆல் வகுக்க, அதைப் பூச்சியமாக்கும் −1/2-ஐப் பயன்படுத்தினால் 4, −4, 8, 3 என்று வரும். ஈவு 2ய² − 2ய + 4. முதல் மூன்று எண்களான ஈவின் கெழுக்களைத்தான் 2-ஆல் வகுக்க வேண்டும், மீதி 3 அப்படியே நிற்கும். மீதியையும் பாதியாக்கி 1.5 என்று எழுதுபவர்கள் ஏராளம். நீள் வகுத்தலில் ஒருமுறை செய்து பார்த்தவருக்கு இந்தக் குழப்பம் வராது.

மீ.பொ.வ. கணக்கில் பிள்ளைகள் நேரத்தைத் தொலைப்பது வேறு இடத்தில். 2ய³ − 5ய² + 5ய − 3-ஐ ய³ + ய² − ய + 2 ஆல் வகுத்தால் மீதி −7ய² + 7ய − 7. இதில் −7-ஐ வெளியே எடுத்துவிட்டு ய² − ய + 1 ஆல் அடுத்த வகுத்தலைச் செய்தால் ஈவு ய + 2, மீதி 0. −7-ஐச் சுமந்துகொண்டே போனால் ஈவில் பின்னங்கள் முளைக்கின்றன. மாறிலிக் காரணியை ஏன் நீக்கலாம் என்பதை விளக்காமல் ‘நீக்கு’ என்று மட்டும் சொன்னால், அடுத்த கணக்கில் மறந்துவிடுவார்கள்.

வர்க்கமூலத்தில் ஒவ்வொரு முறையும் அதுவரை கிடைத்த ஈவு முழுவதையும் இரட்டிக்க வேண்டும். 64ய⁴ − 16ய³ + 17ய² − 2ய + 1-இல் 8ய² − ய வரை வந்தபின் அடுத்த வரி 16ய² − 2ய என்று தொடங்க வேண்டும். பலர் முதல் உறுப்பை மட்டும் இரட்டித்து 16ய² − ய என்று எழுதிவிட்டு, மீதி ஏன் பூச்சியமாகவில்லை என்று விழிக்கிறார்கள்.

ஆகவே ஒன்பதாம் வகுப்பில், விடுபட்ட உறுப்புள்ள கோவைகளையும் இருபடிக் கோவையால் வகுக்கும் கணக்குகளையும் சேர்த்து, நீள் வகுத்தலுக்கு ஒரு வாரமாவது ஒதுக்கவேண்டும் என்று தலைமை ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறோம். மீதியின் படி வகுக்கும் கோவையின் படியைவிடக் குறைந்ததும் நிறுத்த வேண்டும் என்பது இருபடியால் வகுக்கும்போதுதான் உண்மையில் புரிகிறது. பள்ளித் தேர்வுகளில் ய = −1 சோதனைக்கு ஒரு மதிப்பெண் கொடுங்கள். பிளஸ் 1-இல் பகுதிப் பின்னங்கள் (ஒரு பின்னக் கோவையை எளிய பின்னங்களின் கூடுதலாகப் பிரிப்பது) வரும்போது, தொகுதியின் படி பகுதியின் படிக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் முதல் வேலையே வகுத்தல்தான்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர்கள் சிலர்,
மதுரை மாவட்டம்