செயலாளர் ஆண்டறிக்கை: சுலோசனாவைப் பேசிய வருடம்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழு, பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதம் ஒரு படம் என்று பட்டியல் போட்டு அறிக்கையை முடிப்பதுதான் நம் திரைப்படச் சங்கத்தில் வழக்கம். இந்த வருடம் அதற்கு மனம் வரவில்லை. ஊமைப்பட நடிகை ஒருவரை எடுத்துக்கொண்டு முழுதாகப் பேசலாம் என்று சென்ற பொதுக்குழுவில் முடிவானது. சுலோசனாவை எடுத்துக்கொண்டோம்.

இயற்பெயர் ரூபி மயர்ஸ். 1907-இல் புனேயில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவரை கோஹினூர் சினிமா கம்பெனியின் மோகன் பவ்நானி நடிக்கக் கூப்பிட்டபோது, முதலில் மறுத்துவிட்டார். பெண்கள் சினிமாவுக்கு வரத் தயங்கிய காலம் அது. பால்கே 1913-இல் 'ராஜா ஹரிச்சந்திரா' எடுத்தபோது ஹரிச்சந்திரனின் மனைவி தாராமதியாக நடித்தவர் சாலுங்கே என்கிற ஆண். எஞ்சியுள்ள அந்தப் படத்தின் பகுதியை முதல் கூட்டத்தில் திரையிட்டோம். மிருதங்கம் படிக்கும் ஒரு மாணவர் கூடவே வாசித்தார். காட்சிகளுக்கு நடுவே வசனத்துக்குப் பதிலாக வரும் எழுத்து அட்டைகளை ஒரு உறுப்பினர் தமிழில் உரக்கச் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அட்டை போய்விடும். பின்வரிசையிலிருந்து "அப்புறம்?" என்று குரல் வரும். அந்தக் காலக் கொட்டகை எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் கொஞ்சம் பிடிபட்டது.

1927-இல் வந்த 'வைல்ட்கேட் ஆஃப் பாம்பே'யில் சுலோசனாவுக்கு எட்டு வேடங்கள். போலீஸ்காரர், ஹைதராபாத் கனவான், தெருப்பையன், வாழைப்பழக்காரி எல்லாம் அவரே. பேச்சு கிடையாது, நடையையும் பார்வையையும் வைத்தே ஒவ்வொன்றையும் வேறுபடுத்த வேண்டும். இப்படிப்பட்டவரைப் பற்றித்தான் "பேசும் படம் வந்தது, மொழி வரவில்லை, காணாமல் போனார்" என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

1931-இல் இம்பீரியல் கம்பெனி எடுத்த முதல் இந்தியப் பேசும் படமான 'ஆலம் ஆரா' வந்தபோது அவருக்கு இந்துஸ்தானி சரளமாக வராதது உண்மை. கதாநாயகி வாய்ப்பு சுபேதாவுக்குப் போனது. அதே வருடம் அதே இம்பீரியல் கம்பெனி எடுத்த 'காளிதாஸ்' நம் டி. பி. ராஜலட்சுமியைப் பேசவும் பாடவும் வைத்து உயரத்தில் ஏற்றியது. சுலோசனாவோ உட்கார்ந்து மொழி படித்தார். 1932-இல் தன் பழைய ஊமைப்படமான 'மாதுரி'யின் பேசும் வடிவத்தோடு திரும்பி வந்தார். மாதச் சம்பளம் 5,000 ரூபாய், ஓட்டிப் போக செவ்ரொலே கார். தன் இயற்பெயரில் 'ரூபி பிக்ஸ்' என்ற கம்பெனியும் தொடங்கினார். இதைப் பேசிய அன்று, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் அம்மா ஒருவர் எழுந்து, "காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க அடுத்தவர் பேச்சைக் கேட்டவளுக்கு ஒரு பாஷை படிப்பது பெரிய காரியமா?" என்று கேட்டார். இந்த வருடம் கேட்டதில் எனக்கு மிகவும் பிடித்த பேச்சு அதுதான்.

அப்படியானால் சரிவு எங்கே? 'அனார்கலி'யைப் பாருங்கள். 1928-இல் ஊமைப்படத்தில் அனார்கலி, 1935-இல் பேசும் படத்தில் மறுபடி அனார்கலி. 1953-இல் அதே கதையில் பீனா ராய் அனார்கலி, சுலோசனா அனார்கலியைக் காதலிக்கும் இளவரசன் சலீமின் தாய். வயது ஏறியது, புது முகங்கள் வந்தன, பெரிய வேடங்கள் சின்ன வேடங்களாயின. 1953-ஆம் வருடப் படத்தைத் திரையிட்ட மாலையில் அவர் வந்த இடங்களில் யாரும் பேசவில்லை.

1973-இல் தாதாசாகேப் பால்கே விருது கிடைத்தது. 1983-இல் பம்பாயில் காலமானார்.

ஒரு வேதனையையும் பதிவு செய்ய வேண்டும். இந்தியாவில் எடுக்கப்பட்ட 1,300-க்கும் மேற்பட்ட ஊமைப்படங்களில் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. அந்தக் காலப் படங்கள் பதிவான நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பிடிக்கும், வைத்திருந்தாலும் நைந்து போகும். அதில் இருக்கும் வெள்ளிக்காகச் சுருளை உருக்கியவர்களும் உண்டு. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியதே 1964-இல்தான். உறுப்பினர்கள் வீட்டுப் பரணில் பழைய பாட்டுப் புத்தகம், நோட்டீஸ், ஸ்டில் எது இருந்தாலும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சங்கத்திடம் கொடுங்கள், பிரதி எடுத்துப் பத்திரமாகத் திருப்பித் தருகிறோம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். புரொஜெக்டர் பல்பு மாற்ற வேண்டியிருக்கிறது. அதற்கும் இந்த அறிக்கைக்கும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்