செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: கான்டெஸா தயாரான கதை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், சந்தா கட்டிய உறுப்பினர்களுக்கும், கட்டப் போகிற உறுப்பினர்களுக்கும் வணக்கமுங்க.

பொங்கல் சமயத்துப் பழைய கார் ஊர்வலம், ரத்ததான முகாம், டிரைவர்களுக்குக் கண் பரிசோதனை எல்லாம் வழக்கம்போல் நடந்தன, படங்கள் குரூப்பில் இருக்கின்றன. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். இந்த அறிக்கையில் முக்கால்வாசி கான்டெஸா என்ற ஒரு பழைய காரைப் பற்றித்தான், ஏனென்றால் இந்த வருடம் நம் கோயம்புத்தூர் கார் சங்கத்தின் பணமும் ஞாயிற்றுக்கிழமைகளும் அதற்குத்தான் போயின.

கார்ப் பந்தயக்காரர் கரிவரதன் பிறந்த ஊர், நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன ஊர், செட்டிபாளையத்தில் ரேஸ் டிராக்கே இருக்கிற ஊர், இங்கே இருந்துகொண்டு நாம் வருடா வருடம் காரைத் துடைத்து நிறுத்தி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தால் போதுமா என்று இளைஞர் அணி போன பொதுக்குழுவில் கேட்டது. அமெச்சூர் டிரிஃப்ட் போட்டிக்கு, அதாவது வளைவில் காரின் வாலை வெளியே வழுக்கவிட்டு ஓட்டுகிற போட்டிக்கு, ஒரு கார் தயார் செய்வது என்று தீர்மானம் ஆனது. டிரிஃப்டுக்குப் பின்சக்கரம் இழுக்கிற வண்டி வேண்டும். இன்று ரோட்டில் ஓடும் சின்னக் கார்கள் அநேகமாக முன்சக்கர இழுவை, அதனால் அவை கழிந்தன. ஆம்னி பின்சக்கர இழுவைதான், ஆனால் உயரம் அதிகம், அகலம் குறைவு, பக்கவாட்டில் விட்டால் படுத்துவிடும். ஜிப்ஸிக்கும் அதே வியாதி. கடைசியில் உறுப்பினர் ஒருவர் தோட்டத்துச் சாளையில் நின்ற கான்டெஸாவைக் கொடுத்தார், இசுசு 1.8 பெட்ரோல் இன்ஜின், நீளமான உடம்பு, தாழ்வான உட்காரல். 2002-ல் உற்பத்தி நின்ற கார் என்பதால் சாமானுக்கு உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் அலைய வேண்டியிருந்தது, அது தனிக் கதை.

பெரிய விவாதம் டிஃப்ரென்ஷியலில்தான், அதாவது வளைவில் இரண்டு பின்சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற கியர் அமைப்பில். சாதாரண டிஃப்ரென்ஷியலில் வளைவில் உள்பக்கச் சக்கரத்தின் பாரம் குறைந்தவுடன் அது மட்டும் சும்மா சுற்றும், வெளிச்சக்கரத்துக்கு இழுவை போகாது, வண்டியின் வால் பாதியிலேயே நேராகிவிடும். ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃப்ரென்ஷியல் வாங்க நம்மிடம் காசில்லை, கான்டெஸாவுக்குக் கிடைப்பதாகவும் தெரியவில்லை. ஆகவே டிஃப்ரென்ஷியலுக்குள் இருக்கும் ஸ்டார் பினியன், சன் கியர் என்ற பல்சக்கரங்களைச் சேர்த்து வெல்டிங் வைத்துப் பூட்டிவிடுவது என்று முடிவானது. கணபதியில் ஃபவுண்டரி வைத்திருந்த மூத்த உறுப்பினர் பட்டறைக்கே வந்து நின்றார். ஆயிலை வடித்து, எல்லாவற்றையும் டீசலில் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கு போக மறுபடி துடைத்து, கியரைச் சூடேற்றி, காயவைத்த லோ ஹைட்ரஜன் வெல்டிங் ராடில் கொஞ்சம் கொஞ்சமாகப் பற்ற வைத்தோம். முடிந்ததும் பையன்கள் ஃபேனைத் திருப்பி வைக்கப் போனார்கள். "ஏங் கண்ணு, வெந்த இரும்புக்குக் காத்துக் காட்டுனா வெடிக்குமாட்ட, சாம்பல்ல பொதைச்சு வெச்சுட்டுப் போய்ச் சோறு உண்ணுங்க" என்றார் அந்தப் பெரியவர். அப்படியே சாம்பலில் புதைத்து, மறுநாள்தான் எடுத்தோம். கடினப்படுத்திய எஃகு பட்டென்று ஆறினால் விரிசல் விடும், அதை நாம் புத்தகத்தில் படித்ததைவிட அவர் நாற்பது வருடம் கையில் பார்த்தது பெரிது. ஸ்லாக் என்ற வெல்டிங் கசடின் துணுக்கு ஒன்றுகூட பேரிங்கில் போகாமல் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்து, புது 90 கியர் ஆயில் ஊற்றி மூடினோம்.

வெல்டிங் வைத்த வண்டி ரோட்டில் திரும்பினால் பின்டயர் கீச்சென்று தேய்ந்து கத்தும், ஆக்ஸிலுக்கும் கெடுதல். அதோடு கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றிய வண்டியை ரோட்டில் ஓட்டவே கூடாது. ஆகவே அது ரெக்கவரி லாரியில் ஏறித்தான் போகும், வரும். டீசல் செலவு என்று முணுமுணுப்பவர்களுக்கு இதுதான் பதில். பைபாஸில் ராத்திரி வட்டம் போட்டு வீடியோ போட்ட ஒருவரைச் சங்கத்திலிருந்து நீக்கியதும் இந்த வருடம்தான், அதில் எனக்கு வருத்தமே இல்லை. பொது ரோட்டில் பந்தயம் விட்டால் 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை ஜெயில் உண்டு, அதைவிட எதிரில் டிவிஎஸ் எக்ஸெல்லில் பால்கேனோடு ஒருத்தர் வருவார் என்பது பெரிய விஷயம்.

அப்புறம் பிரேக். பின்சக்கரத்தைச் சட்டென்று பூட்ட ஹைட்ராலிக் ஹேண்ட்பிரேக் வேண்டும் என்றபோது, லேத்தில் நாமே கடைந்துவிடலாம் என்று இரண்டு பேர் கிளம்பிவிட்டார்கள். ஊரில் லேத்து பட்டறை இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் கடைய முடியாது, பிரேக்கில் சிக்கனம் வேண்டாம் என்று வாங்கியே மாட்டினோம். சோபா மாதிரி இருந்த முன்சீட்டைக் கழற்றி பக்கெட் சீட், நாலு முனை பெல்ட் போட்டோம், பழைய சீட்டில் உட்கார்ந்தால் ஓட்டுபவர் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சூடுதான் கடைசிவரை படுத்தியது. வண்டி பக்கவாட்டில் போகும்போது ரேடியேட்டருக்கு நேர்காற்று கிடைக்காது, வேகமும் குறைவு, இன்ஜின் மட்டும் அலறிக்கொண்டிருக்கும். ரேடியேட்டர் கோர் மாற்றி, எலெக்ட்ரிக் ஃபேன் போட்ட பிறகுதான் சூடு காட்டும் முள் நடுவில் நின்றது. கூலன்ட் கொட்டினால் டிராக் வழுக்கும் என்பதால் வெறும் தண்ணீர்தான் ஊற்றினோம். கார்புரேட்டரில் பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கி இன்ஜின் இருமுவதை அதற்குள் இருக்கும் மிதவையின் (ஃப்ளோட்) அளவை மாற்றிக் குறைத்தோம், முழுதாகப் போகவில்லை.

முன்னால் நல்ல புது டயர், பின்னால் கெட்டியான பழைய டயர், பின்னாடி காற்று கொஞ்சம் தூக்கலாக. இதில் உறுப்பினர்கள் தாராளமாகக் கொடுத்தீர்கள், ஆனால் கம்பி தெரிகிற டயரையும் பக்கவாட்டில் வெடித்த டயரையும் தயவுசெய்து கொடுக்காதீர்கள். டயரில் 2318 என்று இருந்தால் 2018-ல் 23-ஆம் வாரம் தயாரானது என்று அர்த்தம், பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

போட்டிக்கு முன் நடந்த பரிசோதனையில் பேட்டரி கிளாம்ப், ஆக்ஸிலரேட்டர் ரிட்டர்ன் ஸ்பிரிங், தீயணைப்பான், இழுக்கும் கொக்கி எல்லாம் தேறின. ஓட்டியது திருப்பூர்ப் பொண்ணு, பனியன் கம்பெனியில் கணக்குப் பார்ப்பவர். வண்டி போகும் கோடு, வால் திரும்பும் கோணம் இரண்டையும் பார்த்துத்தான் நடுவர்கள் மதிப்பெண் போடுகிறார்கள், யார் முதலில் வந்தார் என்பது கணக்கில்லை. பரிசு இல்லை. ஆனால் ஒரு வளைவு முழுக்க வாலை வெளியே நிறுத்தி, ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு, கூம்பு ஒன்றையும் தட்டாமல் கொண்டுபோய் விட்டார். இறங்கியதும் கேட்டது, "ஏனுங்ணா, டயர் இன்னொரு ஜோடி இருக்குதுங்களா?"

அடுத்த வருடத்துக்கு டர்போ போட வேண்டும் என்று ஒரு தீர்மானம் எழுத்தில் வந்திருக்கிறது. என் கருத்து எதிர்க்கருத்து. இருக்கிற சக்தியே வாலைத் தள்ளப் போதும், பற்றாக்குறை பயிற்சி நேரத்திலும் பின்டயரிலும்தான். அந்தப் பணத்தில் டிராக் வாடகை கட்டினால் இன்னும் நாலு பேர் ஓட்டக் கற்றுக்கொள்வார்கள். ஓட்டெடுப்பு சாப்பாட்டுக்கு முன்பே நடக்கும், சந்தா பாக்கி உள்ளவர்களுக்கு ஓட்டு இல்லை. பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்