கொல்லம் ஏன் இரண்டு முறை வந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாகர்கோவிலுக்கு அருகே சிறிய கணினிப் பயிற்சி மையம் நடத்திவரும் நான், தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலுக்காக வெளிவரும், பைத்தான் என்னும் நிரல்மொழி பற்றிய வினா விடைகளை வெட்டி வைத்து வகுப்பில் பயன்படுத்திவருகிறேன். அண்மையில் வந்த ஒரு நிரலைப் பார்த்துத் தட்டச்சு செய்த மாணவர்கள் ஒருவருக்கும் அது ஓடவில்லை. பத்தியின் அகலம் போதாமல் எல்லா வரிகளும் இடது ஓரத்தோடு ஒட்டி அச்சாகியிருந்ததே காரணம். வேறு பல மொழிகளில் அடைப்புக்குறி செய்யும் வேலையைப் பைத்தானில் வரியின் முன்னே விடும் வெற்றிடம் செய்கிறது என்பதைப் பாடநூல் உள்தள்ளல் என்ற பெயரில் சொல்லிவிடுகிறது. ஆனால் அது பாதி மட்டும் தவறினால் என்ன ஆகும் என்பதை மாணவர்கள் பட்டுத்தான் அறிகிறார்கள். மொத்தத்தை அச்சிடும் கடைசி வரி, திரும்பத் திரும்ப ஓடும் பகுதியான மடக்குக்குள் நின்றால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தொகை வரும். ஓரத்துக்கு வந்துவிட்டால் முடிவில் ஒரே ஒரு தொகை வரும். இரண்டுமே பிழைச் செய்தி இல்லாமல் ஓடும் என்பதால், நாம் நினைத்தது எது என்பதைக் கணினி சொல்லப்போவதில்லை.

ஆயினும் என்னை இக்கடிதம் எழுத வைத்தது வேறொரு நிகழ்ச்சி. என்னிடம் படித்த இளைஞர் ஒருவர் தோவாளையில் தம் மாமாவின் பூக்கடைக் கணக்கைப் பைத்தானில் எழுதிவருகிறார். பிச்சியும் மல்லியும் அரளியும் எந்த ஊருக்கு எத்தனை கிலோ போயின, யாரிடம் எவ்வளவு பாக்கி நிற்கிறது என்பதைக் கோப்பில் ஏற்றி, ஊர்வாரியாகக் கூட்டித் தரும் எளிய நிரல் அது. ஓணத்தை ஒட்டிய நாள்களில் கேரளத்துக்குப் போகும் சரக்கு கூடும். அப்போது பார்த்து, கொல்லத்துக்குப் போன பூவின் மொத்த எடை கடைச் சிட்டையில் இருப்பதைவிடக் குறைவாக வந்தது. பட்டியலைக் கீழே இழுத்துப் பார்த்தால், கொல்லம் என்ற ஊர் இரண்டு வரிசைகளில் தனித்தனித் தொகையோடு நின்றது. “சார், ரெண்டும் ஒரே ஊர்தானே, ஒரு எழுத்துகூட மாறலியே” என்று மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு நேரே மையத்துக்கு வந்துவிட்டார்.

கண்ணுக்கு உண்மையிலேயே ஒரு வேறுபாடும் தெரியவில்லை. இரண்டையும் சமக்குறியிட்டு ஒப்பிட்டால் பைத்தான் பொய் என்றது. நீளத்தைச் சொல்லும் ‘லென்’ என்ற செயற்கூற்றில், அதாவது பைத்தானில் ஆயத்தமாக உள்ள கட்டளையில், கொடுத்துப் பார்த்தபோது ஒரு கொல்லத்துக்கு 7 என்றும் மற்றதற்கு 8 என்றும் விடை வந்த பிறகுதான் முடிச்சு அவிழ்ந்தது. நாம் எண்ணினால் கொ, ல், ல, ம் என்று நான்கே எழுத்துகள். எழுத்துக் குறிகளுக்குக் கணினியில் எண் தரும் பொது முறையான யூனிகோடிலோ ககரம் ஒன்று, அதன் மேல் ஏறும் ஒகரக் குறி ஒன்று, ஒவ்வொரு புள்ளியும் ஒன்று எனக் கணக்கு ஏழு ஆகிறது. அந்த ஒகரக் குறியை ஒரே குறியாகவும் பதியலாம். ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்று போலவே தோன்றும். கையால் தட்டச்சு செய்த வரிகள் முதல் வகையிலும், பழைய எழுத்துருக் கோப்பிலிருந்து மாற்றி எடுத்த வரிகள் இரண்டாம் வகையிலும் இருந்ததுதான் கொல்லம் இரண்டாகப் பிரிந்ததற்குக் காரணம். கோட்டயமும் அதே பட்டியலில் இரண்டாகத்தான் இருந்தது. அந்த ஊருக்குச் சரக்கு குறைவு என்பதால் யாரும் கவனிக்கவில்லை.

இதற்கான மருந்து பைத்தானுக்குள்ளேயே இருக்கிறது. ‘யூனிகோட்டேட்டா’ என்னும் தொகுதியில் உள்ள ‘நார்மலைஸ்’ செயற்கூற்றுக்கு ‘என்எஃப்சி’ என்ற வடிவத்தின் பெயரையும் நம் சொல்லையும் கொடுத்தால், பிரிந்து கிடக்கும் கொம்பும் காலும் ஒரே குறியாகச் சேர்ந்துவிடும். இதைக் கூட்டல் போடும் இடத்தில் செய்வதைவிட, கோப்பிலிருந்து வரியைப் படித்த உடனேயே, இரு பக்க வெற்றிடத்தை நீக்கும் ‘ஸ்ட்ரிப்’போடு சேர்த்துச் செய்துவிடுவது நல்லது. வேடிக்கை என்னவென்றால், மதிப்புகளைப் பெயரிட்டு வைத்துக்கொள்ளும் மாறிகளுக்கு நாம் தமிழில் பெயர் வைத்தால் அந்தப் பெயர்களில் இந்த வேறுபாட்டைப் பைத்தான் 3 தானே சரிசெய்துகொள்கிறது. மேற்கோள் குறிக்குள் இருக்கும் எழுத்துத் தொடரான சரத்தில் மட்டும் கை வைப்பதில்லை.

எல்லாப் பிணிக்கும் இது மருந்தாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கௌரி என்ற பெயரின் ஔகாரக் குறிக்குப் பதிலாக, ஒற்றைக் கொம்பையும் ளகரத்தையும் தட்டச்சு செய்பவர்கள் மிகப் பலர். அது வேறு எழுத்து, ஆகவே ‘நார்மலைஸ்’ அதைத் தொடாது. சரி, எங்கெல்லாம் கொம்பும் ளகரமும் அடுத்தடுத்து வருகின்றனவோ அங்கெல்லாம் ஔகாரக் குறியாக மாற்றிவிடலாம் என்று ஒரு மாணவி முயன்றபோது, வெள்ளமடமும் வெள்ளிச்சந்தையும் சிதைந்துபோயின. அத்தகைய பெயர்களுக்குத் திருத்தப் பட்டியல் ஒன்றைக் கையால் எழுதி வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. இணையப் பக்கங்களிலிருந்து நகலெடுக்கும்போது ஒட்டிக்கொண்டு வரும் அகலமற்ற வெற்றிடக் குறியும் ‘ஸ்ட்ரிப்’புக்கு அகப்படாது, அதைத் தனியே நீக்க வேண்டும்.

வரிசைப்படுத்தும்போதும் தமிழுக்குத் தனிக் கவனம் தேவைப்படுகிறது. பைத்தான் சரங்களை யூனிகோடு எண்களின்படியே அடுக்குகிறது. அந்த அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் வைக்கப்பட்டிருக்கின்றன. அதனால் அகராதி முறைப்படி முன்னே வர வேண்டிய புலியூர்க்குறிச்சி, பட்டியலில் புனலூருக்குப் பின்னே போய்விடுகிறது. அடுக்குவதற்கான ‘சார்ட்டட்’ செயற்கூற்றுக்கு நம் நெடுங்கணக்கின் வரிசையைத் திறவுகோலாகக் கொடுக்க முடியும். தமிழ்ச் சொற்களை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும் ஓப்பன்-தமிழ் என்ற இலவச நிரல் தொகுப்பு இதற்குக் கைகொடுக்கும்; கொல்லத்துக்கு நான்கு எழுத்து என்று சரியாக எண்ணிச் சொல்வதும் அதுவே.

கோப்பில் எழுதும் இடத்தில் விண்டோஸ் பயன்படுத்துவோர் ஏறக்குறைய எல்லோரும் ஒருமுறை தடுக்கி விழுகிறார்கள். ‘ஓப்பன்’ செயற்கூற்றில் குறியாக்கம், அதாவது எழுத்துகளைக் கோப்பில் பதியும் முறை, எது என்று சொல்லாமல் விட்டால், அது விண்டோஸின் பழைய மேற்கத்திய எழுத்துக் குறியாக்கத்தை எடுத்துக்கொண்டு, தமிழைக் கண்டதும் ‘சார்மேப்’ என்ற சொல் வரும் பிழைச் செய்தியோடு நின்றுவிடும். ‘என்கோடிங்’ என்ற இடத்தில் யுடிஎஃப்-8 என்று குறிப்பிட்டால் போதும். அதே கோப்பை எக்செல்லில் திறப்பதாக இருந்தால், பெயரின் கடைசியில் ‘சிக்’ என்று சேர்ந்து வரும் யுடிஎஃப்-8 வகையைக் கொடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஊர்ப் பெயர்களின் இடத்தில் புரியாத குறிகள்தான் தெரியும்.

பணக் கணக்கில் நான் சொல்வது ஒன்றே: தொகையைப் பைசாவிலும் எடையைக் கிராமிலும் முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று பைத்தான் காட்டுவதும், 2.5-ஐ முழுமைப்படுத்தச் சொன்னால் 3 என்று சொல்லாமல் 2 என்பதும் கடைக்காரருக்கு விளக்கிச் சொல்லக்கூடிய செய்திகள் அல்ல. அதுபோல, விசைப்பலகையிலிருந்து ‘இன்புட்’ வழியாக வருவது எப்போதும் சரமே என்பதால், 120-உம் 80-உம் கொடுத்துக் கூட்டினால் 12080 என்று வரும். ‘இன்ட்’ கொண்டு எண்ணாக மாற்றிய பிறகே கூட்ட வேண்டும். அந்த ‘இன்ட்’ ௧௨ என்ற தமிழ் இலக்கங்களைக்கூடப் பன்னிரண்டு என்று ஏற்றுக்கொள்ளும் என்பதை வகுப்பில் செய்து காட்டினால் பிள்ளைகள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். ௰ என்ற பத்துக் குறியை மட்டும் ஏற்காது.

தேதிகளையும் சரமாக விட்டுவிடக் கூடாது. நம் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த 01-11-1956 என்ற நாளையும், நாடு விடுதலை பெற்ற 15-08-1947 என்ற நாளையும் சரங்களாக வரிசைப்படுத்தினால், இணைப்பு முந்தியும் விடுதலை பிந்தியும் வரும். நாள், மாதம், ஆண்டு எந்த வரிசையில் இருக்கின்றன என்று ‘ஸ்ட்ரிப்டைம்’ (strptime) செயற்கூற்றுக்குச் சொல்லித் தேதியாக மாற்றிக்கொண்டால் இந்தத் தலைகீழ் நேராது. பயிற்சிக் கோப்புக்கு ‘ரேண்டம்’ என்றே பெயர் வைத்துவிட்டு, அதே பெயருள்ள தொகுதி வேலை செய்யவில்லை என்று வருகிற மாணவர்களும் ஆண்டுதோறும் உண்டு. கோப்பின் பெயரை மாற்றினால் தீர்ந்தது.

ஆகவே மாணவர் பக்கத்தில் நிரல்களைப் பத்தி அகலத்துக்கு மடக்காமல், உள்தள்ளல் கெடாதபடி படமாக அச்சிடுமாறு வேண்டுகிறேன். தங்கள் மின்னிதழிலிருந்து நகலெடுப்போரும் இருப்பதால், அங்கே வளைந்த மேற்கோள் குறிகளுக்குப் பதில் நேர்க் குறிகளையே இட வேண்டும். வளைந்த குறிகளைப் பைத்தான் ஏற்பதில்லை. தமிழ்ச் சொற்களைக் கையாளும் வினா ஒன்றையாவது வாரந்தோறும் சேர்த்தால், பூக்கடை இளைஞரைப் போன்றவர்களுக்கும் அந்தப் பக்கம் உதவும். முன்பு தவறாக வந்த நிரலையும் ஒருமுறை திருத்தி வெளியிடுங்கள். செய்முறைத் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் அந்த வெட்டுத்துண்டை இன்னும் பதிவேட்டில் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கன்னியாகுமரி மாவட்டம்.