அளவு யார் கையில்?

அன்பு மக்களே,

ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரல் உடைந்திருந்தது. "கூட்டத்தில் எல்லாரும் 'சரிங்க மேடம்' என்கிறார்கள். மறுநாள் போய்ப் பார்த்தால் எதுவும் மாறியிருக்காது" என்றாய். கோயம்புத்தூர் பம்பு ஆலையின் பொறுப்பு உன் கைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அதற்குள், ஆள்களை நடத்தும் திறமை உனக்கு இல்லை என்று நீயே தீர்ப்பு எழுதிவிட்டாய். அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. போனில் பேசினால் பாதியில் யாராவது உன்னைக் கூப்பிட்டுவிடுவார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

குலசேகரத்துக்கு மேலே ரப்பர் தோட்டத்தில் நான் பால் கணக்கு எழுதியது உனக்குத் தெரியும். அங்கே நடந்த ஒன்றை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. அதில் என் தவறும் இருக்கிறது.

பால் வெட்டுகிறவர்கள் விடியும் முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போய்விடுவார்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். முன்னூறு மரத்தின் பட்டையைக் கீறி முடித்து, சிரட்டையில் நிறைந்ததை வாளியில் சேர்த்துக் கொட்டகைக்குக் கொண்டுவருவார்கள். நான் எடைபோட்டு எழுதுவேன். தராசு முள் எங்கே நிற்கிறது என்று நானும் பார்ப்பேன், வாளிக்காரரும் பார்ப்பார். அதற்குமேல் பேச்சு கிடையாது.

புதிதாக வந்த மேலாளர் இதை மாற்றினார். அவருடைய காரணம் நியாயமானது. பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மற்றதில் பெரும்பகுதி தண்ணீர். மழைக்காலத்தில் இன்னும் நீர்த்துப்போகும். எடையை மட்டும் பார்த்தால் கெட்டிப்பால் கொண்டுவருகிறவருக்கு நஷ்டம். அதனால் மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியை வாங்கினார். ஒரு பங்கு பாலில் இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, உயரமான ஜாடியில் ஊற்றி, அந்த மிதவையை இறக்கினால், அது நிற்கும் இடத்தை வைத்து ரப்பர் எவ்வளவு என்று சொல்லிவிடலாம். நல்ல கருவி. ஆனால் அதை அலுவலக அறைக்குள் வைத்தார். வாளியை வாசலில் வாங்கிக்கொள்வோம். அளவு மறுநாள் சீட்டில் வரும்.

மேலாளர் கூட்டம் போட்டு, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. சம்மதம் என்று எழுதிக்கொண்டார். இரண்டு வாரத்தில் வாளிப் பால் குறைந்தது. சிரட்டையிலேயே உறைந்து கிடக்கும் ஒட்டுப்பால் கூடியது. அவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று மேலாளர் நினைத்தார். அவர் ஏமாற்றுகிறார் என்று அவர்கள் நினைத்தார்கள். நான் நடுவில் இருந்தேன். இரண்டு பக்கமும் என் காதில் விழுந்தது. வேலை போய்விடும் என்ற பயத்தில் பேசாமல் இருந்தேன். இருபது நாள்! அதை நினைத்தால் இன்றும் மனம் கூசுகிறது.

ஒரு நாள், தோட்டத்திலேயே மூத்த அக்கா ஒருவர் கதவருகே வந்து, "அந்தக் குழல் மிதக்கிறதை எனக்கும் ஒருதடவை காட்டுவாயா?" என்று கேட்டார். காட்டினேன். ஜாடியைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, "மேலே நுரை நிற்கிறதே, இதை வழிக்காமல் எப்படிச் சரியாகப் பார்ப்பாய்?" என்றார். நாங்கள் அவசரத்தில் நுரையை வழிக்காமலேதான் அளந்துகொண்டிருந்தோம்.

அன்று மாலையே மேலாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது. ஆனால் மறுநாள் காலையில் மேசையை வராந்தாவுக்குக் கொண்டுவரச் சொன்னதும் அவர்தான். ஒவ்வொருவரும் தங்கள் பாலின் அளவைத் தாங்களே பார்த்துச் சொல்ல, நான் எழுதினேன். சந்தேகம் தீராதவர்களுக்காக, அதே பாலில் கொஞ்சம் அளந்தெடுத்து, ஆசிட் விட்டு உறையவைத்து, அழுத்தி, உலர்த்தி எடைபோட்டும் காட்டினோம். ஏறக்குறைய ஒத்துவந்தது. அதன் பிறகு யாரும் பழைய தராசைக் கேட்கவில்லை. தராசு முள்ளைத் தானும் பார்க்கும் உரிமை போனதுதான் அவர்களைச் சுட்டிருந்தது.

அமெரிக்காவில் வர்ஜீனியாவில் பைஜாமா தைக்கும் ஹார்வுட் ஆலையில் நடந்த ஆய்வை, பயிற்சிக்குப் போய் வந்தபோது நீ எனக்கு வாசித்துக் காட்டினாய். 1948இல் கோச், பிரெஞ்ச் என்ற இருவர் எழுதியது. வேலைமுறை மாற்றத்தைச் சும்மா அறிவித்த குழுவில் உற்பத்தி விழுந்தது, 40 நாளுக்குள் 17 சதவீதம் பேர் வேலையை விட்டார்கள். மாற்றத்தைச் சேர்ந்து திட்டமிட்ட குழுக்கள் சீக்கிரமே பழைய அளவைப் பிடித்துத் தாண்டியும் போயின. அன்று நீ அதைப் பரீட்சைக்கு வாசித்தாய். எனக்கோ எங்கள் வராந்தா மேசைதான் கண்ணில் நின்றது.

இப்போது உன் ஆலைக்கு வருகிறேன். ஷிப்டு நோட்டை எடுத்துவிட்டு டேப்லட் கொடுத்திருக்கிறாய். பதிவு எங்கே போகிறது, யார் பார்க்கிறார்கள், அதை வைத்து யாருக்கு மதிப்பெண் போடுகிறார்கள் என்று அந்தத் தொழிலாளிக்குத் தெரியுமா? நேற்று தான் பதிந்ததை இன்று திறந்து பார்க்க அவருக்கு வழி இருக்கிறதா? நோட்டில் இருந்தது. பக்கத்தைத் திருப்பினால் போதும்.

டேப்லட்டைத் தொடாமல் இன்னும் நோட்டிலேயே எழுதும் அந்த மூத்த ஷிப்டு பொறுப்பாளரை வேறு பிரிவுக்கு மாற்றலாமா என்று கேட்டாய். வேண்டாம் மக்களே. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து, அன்று சென்னை மாநிலம் என்றிருந்த தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது, உன் தாத்தா பத்திரம் எழுதிக்கொண்டிருந்தார். அதுவரை அவர் எழுதியதெல்லாம் மலையாளம். இனி இவர் எதற்கு என்று சிலர் கேட்டார்களாம். ஆனால் நிலம் பழைய பத்திரத்தில்தானே இருந்தது! எல்லை தகராறு என்று வந்தால் நாலு மைல் நடந்து அவரைத் தேடித்தான் வந்தார்கள். புதுப் பத்திரத்தைத் தமிழில் எழுத இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். நம் வீட்டு டிரங்குப் பெட்டியில் அந்த மலையாளப் பத்திரங்கள் இன்னும் இருக்கின்றன.

அந்தப் பெரியவரின் நோட்டில், உன் டேப்லட்டில் கட்டமே இல்லாத ஏதோ ஒன்று இருக்கிறது என்று என் மனம் சொல்கிறது. எந்த எந்திரம் குளிர்ந்த காலையில் முரண்டு பிடிக்கும், எந்த வார்ப்பு ஓரத்தில் வெடிக்கும் என்பது போல ஏதாவது இருக்கும். கூட்டத்தில் கேட்டால் சொல்லமாட்டார். அங்கே எல்லார் முன்பும் 'சரிங்க' என்பது உனக்குக் கொடுக்கும் மரியாதை. அதைச் சம்மதம் என்று எண்ணிவிடாதே. எங்கள் மேலாளர் செய்த தப்பு அதுதான்.

இந்த வெள்ளிக்கிழமை இரவு ஷிப்டுக்கு நீயே போ. டேப்லட்டைக் கையில் எடுக்காதே. அவர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நோட்டை வாசித்துக் காட்டச் சொல். விடியும் வரை ஆனாலும் கேள். என்ன எழுதியிருந்தது என்று எனக்கு எழுது. மட்டி வாழைக் குலை ஒன்று பழுக்க வைத்திருக்கிறேன். மாமா திங்கட்கிழமை அந்தப் பக்கம் வருகிறார், கொடுத்துவிடுகிறேன். அவருக்கும் நாலு பழம் கொடு.

உன்
அம்மா