ஹோர் என்றால் குவிக்சார்ட் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினி அறிவியலின் முன்னோடிகளைப் பற்றி எழுதும்போதெல்லாம், டோனி ஹோரை ‘குவிக்சார்ட் முறையைக் (தரவுகளை வேகமாக வரிசைப்படுத்தும் ஒரு வழிமுறையை) கண்டுபிடித்தவர்’ என்ற ஒரே வரியில் அறிமுகப்படுத்திவிட்டு நகர்ந்துவிடுகிறோம். 1934-இல் கொழும்பில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் கிரேக்க, லத்தீன் இலக்கியங்களும் தத்துவமும் படித்த அவருக்கு, மாஸ்கோவில் மாணவராக இருந்த நாளில், ரஷ்ய வாக்கியங்களைக் கணினிவழி மொழிபெயர்ப்பதற்காகச் சொற்களை வரிசைப்படுத்த முனைந்தபோது அந்த முறை தோன்றியது. அது பெரிய சாதனைதான். ஆனால் அவர் ஆண்டுக்கணக்கில் உழைத்தது, எழுதிய நிரல் (கணினிக்கான கட்டளைத் தொகுப்பு) சரியானது என்று எப்படி நிறுவுவது என்ற கேள்விக்காகவே.

பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது 1969-இல் வெளியிட்ட கட்டுரையில், கணினி அறிவியலாளர் ராபர்ட் ஃபிளாய்ட், நிரலின் போக்கை வரைந்துகாட்டும் பாய்வுப்படங்களுக்குச் சொன்ன கருத்தை அவர் நிரலின் கட்டளைகளுக்கே கொண்டுவந்தார்; ஒரு கட்டளைக்கு முன் எது உண்மையாக இருந்தால், அது முடிந்தபின் எது உண்மையாகும் என்பதைத் தர்க்க விதிகளாக வகுத்தார். சோதனை ஓட்டம் நாம் தேர்ந்தெடுத்த உள்ளீடுகளுக்கு மட்டுமே பதில் சொல்லும்; நிறுவலோ, அதாவது தர்க்கவழி நிரூபணமோ, எல்லா உள்ளீடுகளுக்கும் பொருந்தும். 1971-இல் ஃபோலி என்பவருடன் சேர்ந்து, தம்முடைய குவிக்சார்ட்டையே இந்த விதிகளின்படி சரியென நிறுவிக் காட்டினார். ஏற்கெனவே புகழ்பெற்றுவிட்ட தம் நிரலுக்கும் நிறுவல் தேவை என்று அவர் கருதியதை, குவிக்சார்ட்டைவிட உயர்வாக மதிக்கிறேன்.

1980-இல் கணினி அறிவியலின் உயரிய விருதான டூரிங் விருது பெற்ற பின்னும் அவர் தம் கொள்கையைக் கண்மூடிப் பற்றிக்கொண்டிருக்கவில்லை. நிறுவல் இல்லாமலே மென்பொருள் இவ்வளவு நம்பகமானது எப்படி என்று 1996-இல் வெளிப்படையாகக் கேட்டு எழுதினார். 1999-இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ஓய்வுபெற்று, மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் சேர்ந்தார்.

1996-இல் அவர் எழுப்பிய அந்தக் கேள்வியைக் காரணம் காட்டி நிறுவலே வேண்டாம் என்போர், 2015-இல் நடந்ததைக் கவனிக்க வேண்டும். பைத்தான், ஜாவா, ஆண்ட்ராய்டு ஆகியவற்றில் பல ஆண்டுகள் இயங்கிவந்த டிம்சார்ட் என்னும் வரிசைப்படுத்தும் நிரலைச் சரியென நிறுவ ஆய்வாளர்கள் முயன்றபோது, அத்தனை சோதனைகளிலும் சிக்காத பிழை ஒன்று வெளிப்பட்டது.

ஆகவே, குவிக்சார்ட்டைக் கற்பிக்கும் அதே பாடத்தில் அதன் நிறுவலையும் சேர்க்கும்படி, பாடத்திட்டம் வகுப்போரைத் தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். ஒரே கட்டளைகளைத் திரும்பத் திரும்ப இயக்கும் சுழற்சியொன்றை எழுதும் மாணவர், அதன் ஒவ்வொரு சுற்றிலும் மாறாமல் நிற்கும் கூற்று எது என்பதையும் எழுதிப் பழகுவதற்கு, பள்ளியில் படித்த கணிதத் தொகுத்தறிதலே போதும்.

இப்படிக்கு,
கணினி அறிவியல் ஆசிரியர் ஒருவர்