அப்பாவை உட்கார வைக்கச் சொல்லாதே

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா விழுந்தார் என்று கேட்டதிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் நீ ஒன்றையே சொல்கிறாய், "அவரை நடக்க விடாதேம்மா, ஒரு இடத்தில் உட்கார வை" என்று. தூரத்தில் இருக்கிறவனுக்கு அந்தப் பயம் வரத்தான் செய்யும். ஆனால் அது அவருக்கு நல்லதில்லை. போனில் விளக்கலாம் என்றால் அவர் பக்கத்திலேயே இருக்கிறார், அதனால் எழுதுகிறேன்.

அவர் கவனமில்லாமல் நடந்து விழவில்லை, அதை முதலில் மனசில் வை. தள்ளாடுவதைப் பார்த்துவிட்டுக் குடியோ என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர் அதைத் தொட்டதே இல்லை என்று உனக்குத் தெரியும், கொழுப்பு படிந்து படிந்துதான் கல்லீரல் சுருங்கிப்போனது. கல்லீரல் கெட்டால் கால் ஏன் தள்ளாட வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டேன். குடலில் உண்டாகிற அம்மோனியாவை யூரியாவாக மாற்றி வெளியே அனுப்புவது கல்லீரலின் வேலை. அது முடியாமல் போனால் அம்மோனியா மூளைக்குப் போய்ச் சேருகிறது. முற்றினால் ஆளே குழம்பிப்போவார், அது யார் கண்ணுக்கும் தெரியும். அதற்கு முந்தைய கட்டம்தான் தெரியாது. பேச்சு, ஞாபகம் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே இருக்கும், ஆனால் சட்டென்று செய்ய வேண்டியது எல்லாம் ஒரு நொடி பிந்தும். கால் இடறினால் நீயும் நானும் அடுத்த காலை ஊன்றிச் சமாளித்துவிடுவோம், அவர் ஊன்றுவதற்குள் விழுந்துவிடுகிறார்.

இதோடு தசையும் கரைகிறது. வயிற்றில் நீர் கோத்திருப்பதால் எடையைப் பார்த்தால் தெரியாது, தொடையைப் பார்த்தால்தான் தெரியும். நீ கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: கல்லீரல் கைவிட்ட அம்மோனியாவில் ஒரு பங்கைத் தசைதான் எடுத்துக்கொள்கிறது. உட்கார்ந்தே இருந்தால் தசை குறையும், தசை குறைந்தால் அம்மோனியா ஏறும், தள்ளாட்டமும் கூடும். விழக்கூடாது என்று உட்கார வைத்தால், எழுந்திருக்கிற அன்றைக்கு இன்னும் சுலபமாக விழுவார்.

போன தடவை பரிசோதனைக்குப் போனபோது அவரை நிற்கச் சொல்லிப் பார்த்தார்கள். இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்து 10 விநாடி, நின்றுவிட்டார். ஒரு பாதத்தைப் பாதியளவு முன்னால் நகர்த்தி 10 விநாடி, அதுவும் சரி. அப்புறம் ஒரு காலின் குதிகால் மற்றக் காலின் பெருவிரலைத் தொடுகிற மாதிரி நேர்கோட்டில் நிற்கச் சொன்னார்கள், அதில்தான் உடம்பு ஆடி, என் தோளைப் பிடித்துக்கொண்டார். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 5 தடவை எழச் சொன்னபோது மூன்றாவதுக்கே மூச்சு வாங்கியது. கைப்பிடியின் பலத்தையும் ஒரு கருவியில் அளந்தார்கள். இவ்வளவு எளிய சோதனையை எல்லாக் கல்லீரல் நோயாளிக்கும் முதலிலேயே ஏன் செய்வதில்லை என்று எனக்கு ஆதங்கம்தான்.

மருந்துகளையும் பார்த்தோம். நீர் மாத்திரையால் ரத்த அழுத்தமும் உப்புச்சத்தும் இறங்கலாம், இறங்கினால் எழுந்தவுடன் கண்ணை இருட்டும். இரவில் சிறுநீருக்கு எழ வேண்டியிருக்கக் கூடாது என்று அதைக் காலையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். கண் இருட்டாமல் இருக்க, அப்பா படுக்கையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுகிறார், வழியில் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. குடலில் அம்மோனியா தேங்காமல் இருக்க, லாக்டுலோஸ் என்கிற மலமிளக்கி சிரப்பை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை இளக்கமாக வெளியே போகிற அளவுக்குக் கொடுக்க வேண்டும், மலம் கட்டினால் மறுநாளே நடையில் தெரிகிறது. தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமே என்றாய். வேண்டவே வேண்டாம், அது இந்த மூளையை இன்னும் மந்தமாக்கும். ராத்திரி தூங்காமல் பகலில் தூங்குவதே நோயின் அடையாளமாக இருக்கலாமாம்.

சாப்பாட்டில் புரதத்தைக் குறைக்கக்கூடாது. எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை வேண்டும் என்கிறார்கள். படுக்கும் முன் கொஞ்சம் சாப்பிட வைக்கிறேன், ராத்திரி முழுக்க வயிறு காலியாக இருந்தால் உடம்பு தசையைத்தான் தின்னும்.

இனி எப்போதாவது விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே காயம் இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன். அவருக்குப் பிளேட்லெட் குறைவு, உள்ளே ரத்தம் கசிந்தால் உறைவது கஷ்டம், குழப்பம் வந்தால் அது அடியாலா அம்மோனியாவாலா என்று ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். வலிக்கு இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் எதுவும் அனுப்பாதே, சிறுநீரகம் தாங்காது.

பிசியோதெரபிஸ்ட் வந்து, சுவரைப் பிடித்து நிற்பது, நாற்காலியிலிருந்து எழுவது எல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறார். நான் பக்கத்தில் நின்றுகொள்கிறேன். அடுத்த தடவை பேசும்போது பத்திரமாக இருங்கள் என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதே, இன்றைக்கு எத்தனை தடவை எழுந்தீர்கள் என்று கேள். பேச்சு இழுக்கிறதா, சொன்னதையே சொல்கிறாரா என்றும் கவனி. தினமும் கூட இருக்கிற எனக்கு அது பிடிபடாமல் போகலாம், உனக்குச் சட்டென்று தெரிந்துவிடும். தெரிந்தால் அன்றைக்கே என்னிடம் சொல்.

அம்மா