உன் ஊர்ப் பக்கத்துச் சொல்

முரசுமோட்டை,
கிளிநொச்சி.

அன்பு மச்சான்,

நாங்கள் எல்லாரும் சுகம். காலபோக வெட்டு முடிந்துவிட்டது. றோட்டோரம் படங்கு விரித்து நெல்லைக் காயப்போட்டிருக்கிறோம். குளத்தில் தண்ணீர் நல்லாய் நிற்கிறது, சிறுபோகமும் செய்யலாம் என்றுதான் நினைக்கிறேன். அம்மாவுக்குக் கண்ணில் லென்ஸ் வைத்தாயிற்று. இப்போது உன் கடிதங்களைத் தானே வாசிக்கிறார்.

பின்னேர வகுப்பு தொடர்ந்து நடக்கிறது. சாதாரண தரப் பிள்ளைகளுக்கு இந்தக் கிழமை முழுக்க ஒரே ஒரு ஆங்கில வினைச்சொல்தான் படிப்பித்தேன்: ‘டேக்’. எங்கள் பிள்ளைகள் அதிகம் தடக்குப்படும் இடம் இதுதான்.

ஒரு பிள்ளை கொப்பியில் ‘ஐ டூக் எ கோல் டு மை மதர்’ என்று எழுதியிருந்தாள். அம்மாவுக்குக் கோல் எடுத்தேன் என்று நாங்கள் சொல்வதை அப்படியே போட்டிருக்கிறாள். ஆங்கிலத்தில் ‘டூக் எ கோல்’ என்றால், வந்த அழைப்பில் பேசினேன் என்று பொருள். யார் யாருக்கு எடுத்தது என்பதே மாறிப்போகிறது. ‘மேட் எ கோல்’ என்று திருத்திவிட்டு, ஏன் என்று அரைமணித்தியாலம் கதைத்தோம்.

மருந்து விசயம் இன்னும் பாரதூரமானது. ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று குளிசைப் பைக்கற்றோடு வந்தாலே ‘மருந்து எடுத்தாச்சு’ என்கிறோம். ஆங்கிலத்தில் ‘டேக் மெடிசின்’ என்றால் விழுங்குவது. நாளைக்கு எங்கேயாவது ஒரு தாதி ஆங்கிலத்தில் கேட்க, பைக்கற்றைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் பிள்ளை ‘யெஸ்’ சொல்லக்கூடாது.

எங்கள் ‘எடு’வும் லேசுப்பட்டதில்லை. பசி எடுக்கிறது, விக்கல் எடுக்கிறது, சத்தி எடுக்கிறான், விழா எடுக்கிறார்கள். இவற்றில் ஒன்றுக்கும் ‘டேக்’ சரிவராது. படம் எடுப்பது, லீவு எடுப்பது, முடிவு எடுப்பது போன்ற சில இரண்டிலும் பொருந்துகின்றன. பிள்ளைகள் அதை நம்பி மற்றதிலும் கால் வைக்கிறார்கள்.

மறுபக்கம், ‘டேக்’ வரும் பல இடங்களில் எங்களுக்கு வேறு சொல் வேண்டும். வவுனியாவுக்குப் போக இரண்டு மணித்தியாலம் செல்லும். தம்பியைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவோம், நெல்மூட்டையை மில்லுக்குக் கொண்டுபோவோம். ஆளுக்கும் பொருளுக்கும் நாங்கள் வேறு வேறாகச் சொல்வதை ஆங்கிலம் ஒன்றாலேயே சொல்லிவிடுகிறது. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவதும், பலாலியில் விமானம் மேலெழும்புவதும் ‘டேக் ஓஃப்’. தாயை உரித்துப் படைத்த பிள்ளைக்கு ‘டேக் ஆஃப்டர்’. பேப்பரில் வரும் ‘கூட்டம் இடம்பெற்றது’ என்பதைக் காட்டினால் ‘டேக் பிளேஸ்’ உடனே பிடிபடுகிறது.

அதனால் அர்த்தப் பட்டியலைப் பாடமாக்கும் வேலையை நிறுத்திவிட்டேன். எந்தப் பெயர்ச்சொல்லோடு வருகிறதோ அதையும் சேர்த்து முழு வசனமாக, வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறேன். பத்து அர்த்தம் தெரிந்த பிள்ளையைவிடப் பத்து வசனம் நாவில் உள்ள பிள்ளை துணிந்து கதைக்கும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

உனக்கு எழுதவேண்டும் என்று துடித்தது இதற்காகத்தான்: ‘டேக்’ ஆங்கிலேயரின் சொந்தச் சொல்லே இல்லை! பழைய ஆங்கிலத்தில் ‘நிமன்’ என்றுதான் சொன்னார்கள். ஜேர்மன்காரரின் ‘நேமன்’ அதற்கு உறவு. நோர்வே, டென்மார்க் பக்கத்து வைக்கிங்குகள் கப்பலேறிப் போய் இங்கிலாந்தில் குடியேறியபோது அவர்களுடைய ‘தாக்கா’வும் கூடவே போய், கொஞ்சம் கொஞ்சமாக ‘நிமன்’னைத் தள்ளிவிட்டு ‘டேக்’ ஆகிவிட்டது. விறைத்துப்போனதைச் சொல்லும் ‘நம்’ என்ற ஆங்கிலச் சொல் அந்தப் பழைய வினையின் மிச்சம். உணர்வு எடுபட்டது என்று பொருள். நீ பேர்கனில் பஸ் ஏறும்போது நோர்வே மொழியில் சொல்லும் ‘தா’வும் அதே ‘தாக்கா’ வழி வந்ததுதான்.

இதை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகளுக்கு ஒரே சந்தோசம். நோர்வேயில் மாமாவோ சித்தியோ இல்லாத வீடு இங்கே குறைவுதானே. அவர்கள் உன்னிடம் ஒன்று கேட்கச் சொன்னார்கள். நீயும் உன் பிள்ளைகளும் வீட்டில், வேலையில், கடையில் ‘தா’ போட்டுச் சொல்லும் வசனங்களைத் தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் அர்த்தமும் போட்டு அனுப்பு. சித்திரை விடுமுறைக்கு முன் கிடைத்தால் நல்லது.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்